சொல்லாத சொல்

சோப்பு ஆலையில் எண்ணெய் வாங்குவதும் மேலாளர்தான், வந்ததைச் சரிபார்த்துக் கிடங்கில் பூட்டுவதும் அவர்தான். எண்ணெய் தருபவரோ அவருடைய மச்சான். பின்வரிசைப் பீப்பாய்களில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர். கிடங்குச் சாவி கைமாறினால் வேலையும் போகும், குடும்ப மானமும் போகும். அதனால் சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில்தான்.

போன வருஷம் உள்தணிக்கைக்கு வந்தவருக்கு ஆலையில் வைத்த பெயர் சுத்தியல். வாங்குகிற கையிலேயே சாவியும் இருக்கக் கூடாது என்று எல்லார் முன்னாலும் மேசையைத் தட்டிச் சொன்னார். மேலாளர் அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டார். மரியாதை தெரியாத ஆள், காலமெல்லாம் உழைத்தவனைத் திருடன் என்கிறான் என்று முதலாளியிடம் கண் கலங்கினார். முதலாளி உருகிப்போனார். சுத்தியல் வேறு கிளைக்குப் போனார். அவர் சொன்னது உண்மையா என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. மேசை பாவம், அதற்கு வலித்திருக்கும் அல்லவா!

இந்த வருஷம் வந்த பெண்மணிக்குப் பஞ்சு என்று பெயர் விழுந்தது. மேலாளரின் மூட்டுவலியை விசாரித்தார், பேத்தி படத்தைப் பார்த்து மகிழ்ந்தார். தணிக்கை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று மேலாளர் வீட்டிலும் போய்ப் புகழ்ந்தார்.

கடைசி நாள் கூட்டத்தில் பஞ்சு எழுந்தார்.

"சாரே அழகா சொன்னாரு. வாங்குற கையில சாவி இருக்கக் கூடாதாம். அதைத்தான் நான் எழுதியிருக்கேன்."

மேலாளர் அப்படிக் கனவிலும் சொன்னதில்லை. ஆனால் முதலாளி எழுந்து வந்து கையைக் குலுக்கிவிட்டார். கைதட்டல் வேறு. மறுத்தால் பெருமை போகும், ஒத்துக்கொண்டால் சாவி போகும். பாழாய்ப்போன வாய், "ஏதோ அனுபவத்துல தோணுச்சு" என்றது.

சாவி அன்றே கைமாறியது. மச்சானிடம் சொல்லிப் பீப்பாய்களை எப்படியாவது மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே, அந்தப் பொன்மொழியைச் சட்டம் போட்டு, அடியில் தன் பெயரோடு சுவரில் மாட்டினார். ஆணி இறங்குவதற்குள் கிடங்கில் பீப்பாய்களைத் திறந்து, அடியிலிருந்த தண்ணீரையும் பார்த்துவிட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கத்தாத கத்தலுக்கே கெட்டது.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல சார், இந்தம்மாவே இட்டுக்கட்டிச் சொன்னது" என்று மேலாளர் கெஞ்சினார். முதலாளி சுவரைக் காட்டினார்.

பஞ்சு மெல்ல முதலாளி பக்கம் திரும்பினார். "நீங்க அப்பவே சொன்னீங்களே சார், போன வருஷம் வந்தவரை அனுப்பினது தப்புன்னு."

முதலாளி தாடையைத் தடவினார்.

"ஆமா, சொன்னேன்" என்றார். "யாரு கேட்டீங்க?"