காற்று ஓயாத மேடு

டன்கன் இந்த வடகோடிப் பனிநாட்டில் எங்கள் வீட்டில் பதினோரு கோடை சாப்பிட்டிருக்கிறான். உலர்த்திய கரிபு மான் இறைச்சியை வெண்ணெய் தொட்டுத் தின்ன அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அதனால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அரசாங்கத்துக்காகக் கரிபு மான்களை எண்ணுகிறவன் அவன். ஜூலையில் கொசுவும் ஈயும் பிடுங்கி எடுக்கும்போது, அவை காற்றடிக்கிற மேடுகளில் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அப்போது விமானத்திலிருந்து படம் பிடித்து, பிறகு கணினியில் புள்ளி புள்ளியாக எண்ணுவார்கள். சில மான்களின் கழுத்தில் ரேடியோ பட்டை இருக்கும். அதன் சிக்னல் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டையே இல்லாத கூட்டத்தைக் கண்டுபிடிக்கத்தான் உள்ளூர்க் கண் வேண்டும். எங்கள் ஊர் சார்பில் அந்தக் கண் நான்.

பதினோராவது வருடக் கணக்கு லேசுப்பட்டதல்ல. எங்கள் மந்தை பத்தாயிரத்துக்குக் கீழே போனால் இலையுதிர்கால வேட்டைக்குத் தடை என்று சொல்லிவிட்டார்கள். என் அண்ணன் அல்ஃபோன்ஸ் கொண்டுவரும் இறைச்சியில்தான் ஆறு வீட்டுக் குளிர்காலம் ஓடுகிறது. அதில் மூன்று வீட்டில் துப்பாக்கி தூக்கவே ஆள் கிடையாது.

ஐந்து நாள் பறந்தோம். குத்துமதிப்பாக எட்டாயிரம்தான் தேறும் என்றான் டன்கன்.

"இன்னும் எங்கயாவது நிக்குதா, பெர்னி அக்கா? உங்களுக்குத் தெரியாத மேடா?"

எனக்குத் தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மணல்மேடு இருக்கிறது. காற்று ஓயாத மேடு என்பார் எங்கள் அப்பா. குடும்பத்து இடத்தை வெளியாளிடம் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. சொன்னால் மான் வராது என்பார்கள். மான் வரும்; கூடவே ஊரும் திரண்டு வரும், அதுதான் விஷயம். அப்பா போன பிறகு, செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று அண்ணனும் நானும் பேசிவைத்திருந்தோம்.

"காட்டறேன். ஆனா இடம் வெளிய போகக்கூடாது. கணக்குல மட்டும் சேரணும்" என்றேன்.

"சத்தியமா. எண்ணறதுக்கு மட்டும்தான்."

ஆற்றைத் தாண்டியதும் கையை நீட்டினேன். மேடே தெரியாமல் மான் நின்றது. டன்கன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அடேங்கப்பா!" என்றான். நாலாயிரத்துக்குக் குறையாது. எட்டும் நாலும் பன்னிரண்டு. நான் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

ஆகஸ்ட் கடைசியில் போன் செய்தான். ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். வேட்டை கிடையாது.

"அந்த மேட்டுல நின்னதெல்லாம் எங்கடா போச்சு?"

"அது கிழக்கு மந்தைல சேர்ந்துடுச்சுக்கா. ஆத்துக்கு அந்தப் பக்கம் பட்டை இல்லாம நிக்கற கூட்டத்தை அதுலதான் போடணும். எங்க போய்க் குட்டி போடுதோ, அதை வச்சுத்தான் மந்தையே பிரிக்கறோம்..."

எங்களுக்கு மான் நிற்கிற இடம்தான் மானின் ஊர். தாத்தா காலத்திலிருந்து அந்த மேட்டு மானைத் தின்கிறோம். அது எங்கள் மான் இல்லாமல் வேறு யார் மான்? அது எங்கே பிறந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அங்கேதான் ஏமாந்தேன்.

"நான் கையை நீட்டினப்பவே உனக்கு இது தெரியும்தானே?"

விதிமுறை, படிவம் என்று ஏதோ இழுத்தான்.

"சொல்லித் தொலைடா!"

"தெரியும். கிழக்குக் கணக்குக்கும் கூட்டம் தேவைப்பட்டுச்சு. சொல்லியிருந்தா நீங்க காட்டியிருக்க மாட்டீங்க."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது என் சமையலறையில் பதினோரு வருடம் உட்கார்ந்து தின்றிருக்கிறது. போனை வைத்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கிழக்கு மந்தைக்குத் தடை கிடையாது. ஆனால் அதற்கான அனுமதிச் சீட்டு கிழக்கு ஊர்களுக்கும், பணக்காரர்களை வேட்டைக்குக் கூட்டிவரும் கம்பெனிகளுக்கும்தான். அலுவலகம் வெளியிட்ட வரைபடத்தில் எங்கள் மேடு சிவப்பு வட்டமாக உட்கார்ந்திருந்தது. அதை அண்ணன் கண்ணில் படாமல் மறைத்தேன்.

செப்டம்பரில் ஒருநாள் அல்ஃபோன்ஸ் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"நம்ம மேட்டுக்குக் கீழ விமானம் நிக்குது, பெர்னி. எவன் எவனோ கொம்பை அறுத்து ஏத்தறான். நான் இக்கரைல தூண்டிலைப் புடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு வரேன்."

உட்கார்ந்தவன் அழ ஆரம்பித்தான். அப்பா செத்தபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"நான்தான் காரணம். கல்லடைப்புக்கு மயக்க ஊசி போட்டாங்கல்ல, அப்ப உளறியிருப்பேன். அந்த நர்ஸோட புருஷன் விமானம் ஓட்டறவன். என்னை மன்னிச்சுடு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

"விடுண்ணே. மயக்கத்துல பேசினதுக்கு யாரு பொறுப்பு?" என்றேன்.

தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொள்ள டன்கனைப் போலவே எனக்கும் வந்துவிட்டது. அப்புறம் தினமும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்குள் அவன் ஆறு வீட்டுக்கும் போய், அப்பா விட்டுப்போன மேட்டைத் தான்தான் தொலைத்ததாகச் சொல்லியிருக்கிறான். ஒரு வீட்டில் அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

டிசம்பரில் அச்சடித்த அறிக்கை ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. ஆளுக்கொரு பிரதி. அல்ஃபோன்ஸ் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, படங்களைப் பார்ப்பதற்காகப் பக்கம் புரட்டினான். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தான்.

"'காற்று ஓயாத மேட்டை எங்களுக்குக் காட்டிய பெர்னடெட் அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.'"

மேட்டின் பெயரை நான் எந்தக் கோடையில் டன்கனிடம் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. மரியாதை செய்வதாக நினைத்துத்தான் எழுதியிருப்பான், பாவி.

அண்ணன் கத்தவில்லை. அறிக்கையை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆறு வீட்டுப் படி ஏறினேன், பெர்னி. நீ எல்லாம் தெரிஞ்சும் கேட்டுக்கிட்டே இருந்தே."

"அண்ணே..."

அவன் எழுந்து, முகத்தில் கதவைச் சாத்திய அந்த வீட்டுக்காரர்கள் பக்கம் போய் உட்கார்ந்தான். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.