இன்னும் சிவக்கட்டும்

வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களில் ரோஸிலி டீச்சர் இதுவரை உருப்படியான ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை. ஒருத்தர் தூங்குவார், ஒருத்தர் போனில் நிலம் விற்பார். இந்த வருஷம் இரிஞ்ஞாலக்குடைப் பள்ளிக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு நடத்த வந்த உதுப்பு சார், கண்ணாடிக் குழாயைத் தொட்டே பல வருஷம் ஆகியிருக்கும். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, மதியத்துக்குக் கரிமீன் உண்டா என்பது. கழுதைக்குக் கற்பூர வாசனைதான் தெரியாது, கரிமீன் வாசனை நன்றாகவே தெரியும் என்று டீச்சர் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மனதுக்குள் சொல்லிக்கொள்ளத்தான் முடியும். சார் பள்ளி மேனேஜரின் மச்சான். டீச்சர் இன்னும் தற்காலிகம்தான். வேலையை நிரந்தரமாக்க மேனேஜர் மனது வைக்க வேண்டும்.

தேர்வில் வந்தது சுலபமான சோதனை. கீழே குடுவையில் அமிலம், மேலே பியூரெட் குழாயில் காரம். அமிலத்தில் இரண்டு சொட்டு நிறங்காட்டி விட்டு, காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அமிலம் தீர்ந்ததும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு இளஞ்சிவப்பு வந்து நிற்கும். அங்கேயே கையை நிறுத்தி அளவெடுக்க வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் நிறம் ஜோராக ஏறும், அளவு நாசமாகும். வருஷம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தியும் வகுப்பே செம்பருத்தி நிறத்தில்தான் போய் நின்றது. மக்குகள்.

அனகா மட்டும் சரியாக நிறுத்தியிருந்தாள். குடுவைக்கு அடியில் வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்த்தால்தான் நிறம் தெரிந்தது. நர்சிங் படிக்க அவளுக்கு இந்த மதிப்பெண் வேண்டும்.

உதுப்பு சார் குடுவையைத் தூக்கிப் பிடித்தார்.

"நிறம் எங்கம்மா?"

"இருக்கு சார். லேசா."

"எனக்கென்ன பொட்டக்கண்ணா? அந்தப் பையனோடதப் பாரு, எப்படிச் செவந்திருக்கு. நீ பாதியிலயே நிறுத்திட்ட. இன்னும் ஊத்து. இல்லேன்னா முட்டைதான் போடுவேன்."

அனகா டீச்சரைப் பார்த்தாள். சார், நீங்கள் படித்த புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதா என்று டீச்சருக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"சார் சொல்றாரில்ல மோளே. ஊத்து."

அனகா குழாயைத் திறந்தாள். குடுவை முழுக்கச் சிவந்தது.

"இதுதான் நிறம்," என்று சார் முழு மதிப்பெண் போட்டார். "டீச்சரே, பிள்ளைங்களுக்கு நல்லாவே சொல்லிக் குடுத்திருக்கீங்க. மச்சான் காதுல போட்டு வைக்கிறேன்."

அவர் சாப்பிடப் போனபின், அனகா குழாயடியில் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய் நின்றாள்.

"முழு மார்க் வந்திருக்கு. எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"அவருக்குத் தெரியாது டீச்சர். மீன் தின்ன வந்த மனுஷன்." அனகா குடுவையைக் கவிழ்த்து வைத்தாள். "உங்களுக்குத் தெரியும்."

துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். சாப்பிட்டுவிட்டு வந்து வாசலில் எதிர்ப்பட்ட உதுப்பு சாருக்கு ஒரு கும்பிடு போட்டாள். டீச்சரிடம் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.