பேயோட்டும் அறை

சிதம்பரத்துக்கு வெளியே இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில், ஆசிரியை சந்திரலேகாவின் வி.ஆர். என்னும் மெய்நிகர் வகுப்புக்குப் 'பேயோட்டும் அறை' என்று பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, பிரின்சிபால் தேவநாதனேதான். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கண்ணை மறைக்கும் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் பிள்ளைகள் வெறும் காற்றில் கையைத் துழாவிக்கொண்டு நின்றால், பார்ப்பவருக்கு வேறு என்னதான் தோன்றும்? ஆனால் கண்ணாடிக்குள் இருந்தது ஓர் ஆஸ்பத்திரி. வென்டிலேட்டர், டயாலிசிஸ் மெஷின், குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் என்று எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். பயோமெடிக்கல் படிக்கும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க நிஜ மெஷின் கிடைக்காத கோபத்தில், சந்திரலேகா ஒவ்வொரு பாடமாக உட்கார்ந்து கட்டியது அது. புவனகிரிக்காரி, பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி.

போன வாரம் தேவநாதன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"கடலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பேசிட்டேம்மா. ஒரு மெஷின்ல வேணும்னே கோளாறு வச்சுக் குடுப்பாங்க. உங்க புள்ளைங்க அத சரி பண்ணிட்டா ரூம் உங்களுது. இல்லன்னா கண்ணாடியெல்லாம் அட்மிஷன் கவுன்ட்டருக்குப் போயிடும். ப்ளஸ் டூ முடிச்சுட்டு வர்ற புள்ளைங்களுக்கு ராட்டினம் காட்டலாம்."

ராட்டினமாம்! சந்திரலேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

யாரை முன்னால் நிறுத்துவது என்று அவள் யோசிக்கவே இல்லை. தமிழினி இருக்கிறாளே! தாழங்குடாவில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண், தினமும் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். வாய் நீளம், கை அதைவிடச் சுறுசுறுப்பு.

குறித்த நாளில் வகுப்புப் பிள்ளைகளோடு எல்லோரும் போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் ஒரு வார்மர் நின்றது. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் சுப்புராயன், "ஸ்பேர் மெஷினும்மா, மூலையில கெடந்துது. அடுத்த வாரம் வார்டுக்குப் போவுது. காலையிலதான் கோளாறு வச்சேன், கண்டுபுடி பாப்போம்" என்று ஒதுங்கி நின்றார். தேவநாதன் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

தமிழினி குனிந்து, பின்மூடியின் முதல் திருகாணியை அழகாகக் கழற்றினாள். கழற்றியவள், ஸ்க்ரூடிரைவரை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்த கருவிக்குக் கை நீட்டினாள். டங்கென்று அது தரையில் விழுந்து, தேவநாதனின் செருப்பு வரை உருண்டது.

கண்ணாடிக்குள் கருவி விட்ட இடத்திலேயே மிதந்து நிற்கும். பிள்ளைகள் தரையில் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அப்படி அமைத்தவளே சந்திரலேகாதான். அறையே கொல்லென்று சிரித்தது.

"பேய் கையில குடுத்தியாம்மா?" என்றார் தேவநாதன்.

போச்சு, எல்லாம் போச்சு என்று சந்திரலேகா நினைத்தாள். தமிழினியோ, "பழக்க தோஷம் சார்!" என்று தானும் சிரித்து, எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மறுபடி குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் கருகிப்போன ஃபியூஸைக் கண்டுபிடித்து மாற்றினாள். விளக்கு எரிந்தது. மேலே சூட்டுக்கம்பி சிவந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"பாஸும்மா! அவ்ளோதான் கோளாறு" என்றார் சுப்புராயன்.

"இன்னும் முடியல சார். ஒரு கிண்ணத்துல வெதுவெதுன்னு தண்ணியும் ஒரு தெர்மாமீட்டரும் வேணும்" என்றாள் தமிழினி.

"எதுக்கு?"

"இன்னும் புள்ளையப் படுக்க வைக்கலையே சார்."

நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். குழந்தையின் வயிற்றில் ஒட்டும் சென்சாரையும் தெர்மாமீட்டரையும் தமிழினி ஒன்றாகத் தண்ணீரில் பிடித்தாள். தெர்மாமீட்டர் முப்பத்தேழு என்றது. வார்மர் முப்பத்தைந்திலேயே நின்றது. அவள் முகம் மாறியது.

"சார், இது கம்மியாக் காட்டுது. புள்ளைக்குச் சூடு பத்தலைன்னு நெனச்சுக்கிட்டு மெஷின் மேல மேல சூட்ட ஏத்தும். புள்ள தாங்காது சார்."

சுப்புராயன் ஓடி வந்து தன் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். வேறொன்றை விட்டும் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"இது நான் வச்ச கோளாறு இல்ல."

அவரே சென்சாரைப் பிடுங்கித் தனியாக வைத்தார்.

தேவநாதன் கிட்டே வந்தார். "உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

"போன மாசம் மேடம் வகுப்புல, லைட் எரிஞ்சதும் சென்சாரச் சோதிக்காமலே கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன் சார். மறுநாள் மாட்டிப் பாக்குறேன், உள்ள வார்மர்ல இருந்த புள்ள சூடு தாங்காம செத்துக் கெடக்குது. பொம்மதான்னு தெரியும். ஆனாலும் அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல."

சந்திரலேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாடத்துக்காகத் தன்னை வகுப்பே திட்டியது அவளுக்குத் தெரியும். என் பிள்ளை, என் பிள்ளை என்று உள்ளுக்குள் மனசு கூத்தாடியது.

"சார், எங்க டெக்னீஷியனுங்களையும் அந்த ரூமுக்கு அனுப்பலாங்களா?" என்று சுப்புராயன் தேவநாதனைக் கேட்டார்.

"என்னை ஏன் கேக்குறீங்க? அது மேடத்தோட ரூம்" என்றார் தேவநாதன்.

எல்லோரும் சந்திரலேகாவைப் பார்த்தார்கள்.

"தாராளமா அனுப்புங்க சார். ஆனா உள்ள இருக்குற புள்ள நிம்மதியாத் தூங்குற வரைக்கும் ஒருத்தரையும் வெளிய விட மாட்டேன்."