துடைத்த குழல்

காலையில் அவன் செய்தது முட்டாள்தனம். அதைத் தங்கையிடம் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

துப்பாக்கி சுடும் கிளப்பில் கைத்துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. தங்கைக்கு இன்று தேர்வுச் சுற்று. முதல் மூன்று பேருக்குத்தான் அணியில் இடம். ஒரு வாரமாகக் குண்டு ஒரே இடத்தில் விழாமல் சிதறுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய துப்பாக்கிக் குழலில் டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே ஈயம் சாம்பல் நிறத்தில் அப்பிக் கிடந்தது. பார்த்த பிறகு கை சும்மா இருக்குமா? தேய் தேய் என்று தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டான்.

துடைத்த குழலில் முதல் பத்துக் குண்டு சொன்ன பேச்சு கேட்காது. குண்டில் பூசிய மெழுகும் அதன் ஈயமும் உள்ளே மெல்லிசாகப் படிந்த பிறகுதான் வழிக்கு வரும். இது அவனுக்குத் தெரியாததா? போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். பஸ்ஸில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். புள்ளிக் கணக்கில் சேராத ஒத்திகைச் சுடுதலுக்கு எட்டு நிமிடம். முதல் குண்டு இடது ஓரத்தில் விழுந்தது. அடுத்த இரண்டும் அங்கேதான். குண்டு விழுந்த இடம் காட்டும் திரையைப் பார்த்துவிட்டு, குறியைத் திருத்த அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"ஐயோ, தொடாதேடி!"

பக்கத்தில் நின்ற நடுவர் திரும்பினார். "சார், இங்கேருந்து ஒரு வார்த்தை உள்ளே போனாலும் அந்தப் பொண்ணை வெளியே அனுப்பிடுவேன்."

"எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் சார்."

"மனசுக்குள்ள சொல்லிக்குங்க."

அவள் குறியின் திருகாணியை மூன்று சொடுக்கு திருப்பினாள். அடுத்த நான்கும் நடுவில் விழுந்தன. அவள் முகம் தெளிந்தது. இவனுக்கு உயிரே போனது. குழல் வழிக்கு வந்ததும் எல்லாம் வலது பக்கம் ஓடப் போகிறது. பாவி, நானே கெடுத்தேனே!

எட்டாவது வலதுக்குப் போனது. ஒன்பதாவது இன்னும் வலதுக்கு.

அவள் குண்டுகளை வெளியே எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். குனிந்து பிடியருகே முகர்ந்தாள். துடைக்கிற எண்ணெயின் நெடி. வீடு முழுக்க அதுதானே அடிக்கிறது, அவளுக்குத் தெரியாதா? நிமிர்ந்து, கண்ணாடி வழியாக அவனை ஒரு பார்வை பார்த்தாள். திருகாணியை மூன்று சொடுக்கு திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். ஒத்திகை முடிந்த மணி அடித்தது.

அறுபது குண்டு முடிவதற்குள் அவன் நகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவளுக்கு மூன்றாவது இடம்.

வெளியே வந்ததும் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?"

"நீ பயந்துபோய் இருந்தே. அதான்..."

"நான் எங்கே பயந்தேன்? நீதான் பயந்துபோய்த் துடைச்சிருக்கே."

வழக்கம்போலத் துப்பாக்கிப் பெட்டியை வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை, தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.