இருபத்தெட்டுப் புள்ளி

கணித ஆசிரியர் றாஸிக் சேர் இன்னும் பரீட்சைப் புள்ளிகளை வாசித்து முடிக்கவில்லை. அதற்குள் ஸம்றா தன் விடைத்தாளை நாலாகக் கிழித்து மேசையில் போட்டுவிட்டு வகுப்பைவிட்டு வெளியே போய்விட்டாள்.

உயர்தரக் கணிதப் பிரிவில் முப்பத்தொரு பேர். ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் சேர் எல்லோருடைய புள்ளியையும் உரத்து வாசிப்பார். ஸம்றாவுக்கு நூற்றுக்கு இருபத்தெட்டு. பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்று நின்று பார்க்க அவளுக்குப் பொறுமையில்லை.

தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் சிநேகிதி சஹ்லா ஓடிவந்தாள்.

"என்னகா செஞ்ச நீ? நாளைக்கு வாப்பாவக் கூட்டிக்கிட்டு வரட்டாம், சேர் சொன்னார்."

"கோபம் வந்திச்சி, கிழிச்சன்."

"போன மாசம் வலைப்பந்து டீம் பேர் வாசிக்கக்குள்ளயும் இப்பிடித்தான் எழும்பிப் போன. ஒன்ட பேர் அதில இரிந்திச்சி. கேக்க முந்தியே போயிட்ட."

அந்தப் பேச்சு ஸம்றாவை வீடுவரைக்கும் விடவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அப்படியே முசல்லாப் பாயில் உட்கார்ந்து யோசித்தாள். அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது புலமைப்பரிசில் பரீட்சையில் தேற மூன்று புள்ளி குறைந்துபோனது. அந்த வாரமே உம்மாவின் தங்கை, சாச்சியின் கலியாணம். வந்தவர்களெல்லாம் "மகளுக்கு எத்தின?" என்று கேட்டார்கள். ஆறாவது ஆள் கேட்டபோது அவள் கையிலிருந்த சர்பத் கிளாஸைத் தரையில் அடித்தாள். அதற்குப் பிறகு கலியாண வீடு முழுக்க கிளாஸைப் பற்றித்தான் கதைத்தது. புள்ளியை ஒருவரும் கேட்கவில்லை. வெட்கம் வரும்போதெல்லாம் அதைக் கோபத்தால் மூடிவிடலாம் என்பதை அவள் அன்றைக்குத்தான் பழகிக்கொண்டாள். கோபக்காரி என்ற பெயர்கூட அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. மக்கு என்ற பெயருக்குத்தான் அவள் பயந்தாள்.

இது விளங்கியதும் அவளுக்கு மனம் லேசானது. நெல் ஆலையிலிருந்து வாப்பா பக்கீர் முகைதீன் வந்திறங்கியதும், அவர் உடுப்பு மாற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னாள், இருபத்தெட்டையும் சேர்த்து.

"நாளைக்கு வாங்க வாப்பா. ஆனா நான்தான் கதைப்பன். நீங்க பக்கத்தில நில்லுங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சரி, கதை," என்றார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவள் முதலில் தாளைக் கிழித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "சேர், மார்க்ஸ எல்லாருக்கும் கேக்க வாசிக்க வேணாம். கையில தந்தாப் போதும்," என்றாள்.

சேரின் முகம் மாறியது. "நாங்களும் இப்பிடித்தானே படிச்ச? ரோசம் வந்தாத்தான் படிப்பு வரும்."

ஸம்றாவின் காது சூடேறியது. பழைய ஸம்றாவாக இருந்தால் இந்நேரம் கதவு அறைபட்டிருக்கும். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவும் எனக்குக் கோபம் வருது சேர். ஆனா போகல்ல, நின்டுதான் கதைக்கிறன். வாசிக்கிற அண்டைக்கு எனக்கு ரோசம் வாறல்ல, பயம்தான் வாற. பயந்தா, பிழைச்ச கணக்க நான் திரும்பிப் பாக்கிறல்ல."

சேர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"அடுத்த பேப்பருக்கு மட்டும் அப்பிடிச் செஞ்சி பாக்கிறன். நீ கிழிச்சத ஒட்டிக் கொண்டு வா. பிழைச்ச கணக்கெல்லாம் செஞ்சி காட்டு."

"ஓம் சேர்."

இரண்டு வாரம் அவளும் சஹ்லாவும் பாடசாலை விட்ட பிறகு ஒட்டிய தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிழைத்த ஏழு கணக்கில் நாலு வெறும் அவசரப் பிழை. அதைக் கண்டு ஸம்றா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த பரீட்சைத் தாள்களைச் சேர் மடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். ஸம்றாவுக்கு நாற்பத்தாறு. வகுப்பில் முதலாவதாக வரும் அஸ்கி திரும்பி, "எத்தின?" என்றான்.

"நாப்பத்தாறு. ஆறாம் கணக்கில நீ என்னத்தப் போட்ட?"

அவன் தன் தாளை விரித்துக் காட்டினான். ஸம்றாவுக்குச் சரியாக வந்திருந்த அந்தக் கணக்கில் அவன் இரண்டாவது வரியில் ஒரு குறியை மாற்றிப் போட்டிருந்தான். அதை அவனுக்கு விளங்கவைக்க ஸம்றா பென்சிலை எடுத்தாள்.