பிஷப் உடைக்காத வேலி

எண்பத்தோராம் நாள் காலை, டோனல் சாய்ந்து கிடந்த வேலியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். ஊரில் பாதிரியார் முன்னால்கூட அவன் இத்தனை நேரம் மண்டியிட்டதில்லை. அவன் தேடியது ஒரே ஒரு முடி. காளை ஒன்று முள்கம்பி வேலியை முட்டிக்கொண்டு போனால் முள்ளில் அதன் மார்பு முடி சிக்கியிருக்கும். கம்பி, காளை போன திசையில் பிதுங்கியிருக்கும். மண்ணைக் குளம்பு உழுதிருக்கும். போகிற போக்கில் கொஞ்சம் சாணமாவது போட்டிருக்கும். இங்கே எதுவும் இல்லை. நான்கு வேலிக்கால்கள் மட்டும், கதை கேட்டுத் தூங்கிப்போன பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

"மறுபடியும் நம்ம பிஷப் வேலைதான்," என்றார் பின்னால் நின்ற பண்ணைக்காரர் கிளாரி. பிஷப் என்பது அவருடைய சாம்பல் நிறக் காளை. திமிலோடு அது மரத்தடியில் அசை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் பாவமன்னிப்புக் கேட்கத் தோன்றும்.

"முள்ளுல ஒரு முடிகூட இல்லையே, கிளாரி?"

"அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி தம்பி. தடயம் விடாது."

டோனலுக்கு மாடு தெரியும். அயர்லாந்தில், லீட்ரிம் பக்கம், அவன் அப்பாவிடம் கறவை மாடுகள் அறுபது. பத்து வயதிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்கு அவற்றின் வாலடி வாங்கி வளர்ந்தவன், இனி சாணத்தின் முகத்தில் விழிப்பதில்லை என்று உலகத்தின் மறுகோடிக்கு ஓடிவந்தான். சிட்னியில் கூரை வேலை, கடற்கரை, நல்ல வெயில் என்று ஒரு வருடம் ஓடியது. இரண்டாம் வருடமும் இருக்க வேண்டுமென்றால், உள்நாட்டுப் பண்ணையில் எண்பத்தெட்டு நாள் உழைத்துக் காட்டு என்றது சட்டம். மாட்டிடமிருந்து தப்பியவனைச் சட்டம் காதைப் பிடித்துத் திருகி, மாட்டுக்குப் பின்னாலேயே கொண்டுவந்து நிறுத்தியது. விசா முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அப்பா புது ரப்பர் பூட்ஸ் வாங்கி வாசலில் தயாராக வைத்திருப்பதாக அம்மா செய்தி அனுப்பியிருந்தாள். மிரட்டல் கடிதங்களில் அதைவிடக் கொடியதை அவன் கண்டதில்லை.

கிளாரியின் பண்ணை ரோமா என்ற உள்நாட்டு ஊருக்கு மேற்கே, தார்ச்சாலை மனம் வெறுத்து நின்றுவிட்ட இடத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர். அங்கே வெயில் எப்படியென்றால், கோழிகள் அவித்த முட்டைதான் இடும். ஈக்கள் மரியாதை தெரிந்தவை. வாய்க்குள் நுழையுமுன் உதட்டில் கொஞ்சம் நின்று அனுமதி கேட்கும். இதற்கெல்லாம் டோனல் தயாராகத்தான் வந்தான். ஒரே கொட்டகையில் பதினான்கு பேர், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் முதலாளி, கடைசி நாளில் கையெழுத்துப் போட மறுப்பவன் என்று தங்கும் விடுதிகளில் அவன் கேட்காத கதை இல்லை. ஆனால் கிளாரி அவனுக்குத் தனி அறை கொடுத்தார். ஜன்னலுக்குத் திரை போட்டார். ஞாயிறு விடுமுறை. காலையில் முட்டையும் சாசேஜும் அவர் கையாலேயே பொரித்துக் கொடுத்தார். அன்றிலிருந்துதான் டோனலுக்குத் தூக்கம் போனது. எலிப்பொறியில் வைக்கிற வடை என்றைக்கு ஊசிப்போய் இருந்திருக்கிறது?

முந்தின சனிக்கிழமை மதியம் ஊர் மதுக்கடையில், பூசணித் தோட்டத்தில் வேலை பார்க்கும் எஸ்தோனியாக்காரி கத்ரி அந்த வடையைப் புரட்டிப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடி அங்க ஒரு கொரியாக்காரன் இருந்தான். என்ன வேலைன்னு கேட்டேன், வேலின்னான். அவனுக்கு முன்னாடி ஒரு ஃபிரெஞ்சு ஜோடி. அவங்களும் வேலி. என்னடா அது, சீனப் பெருஞ்சுவரா?"

"அவங்களுக்கெல்லாம் விசா கிடைச்சுதா?"

"யாருக்குத் தெரியும்? போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லலையே."

"கிடைச்சா எவன் இங்க திரும்பி வருவான்?"

"கிடைக்காட்டியும் வர மாட்டான். நல்லா யோசி," என்று பீரை உறிஞ்சினாள். "கடைசியிலதான் கழுத்தறுப்பாங்க. வேலை முடியலை, கையெழுத்தும் கிடையாதும்பாங்க. முடியாத வேலையா பார்த்துக் குடுத்திருக்கார் பாரு உங்க ஆளு."

எண்பத்து மூன்றாம் நாள் இன்னொரு பக்கம் வேலி விழுந்தது. டோனல் இந்த முறை வேலிக்கால்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். ஒவ்வொன்றிலும் ஆணித் துளைகள். ஒன்றல்ல, இரண்டல்ல, தேன்கூடு தோற்றது. ஒரே கட்டையில் எத்தனையோ பேர் ஆணி அடித்து, யாரோ பிடுங்கி, மறுபடி அடித்திருக்கிறார்கள். முள்ளில் இப்போது முடியும் இருந்தது. இரண்டு சாண் நீளம், கரிய வால்முடி, மார்பு உயரத்தில், இறுக்கமான முடிச்சோடு. பிஷப் பின்பக்கமாகவே நடந்து வந்து, வாலைத் தூக்கி வைத்து, முடிச்சும் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"இப்ப திருப்தியா?" என்றார் கிளாரி. முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. அசையவும் இடமில்லை, அவ்வளவு சுருக்கம்.

மறுநாள் ஞாயிறு. ஊருக்குப் போவதாகச் சொல்லித் தன் பழைய வேனை எடுத்தவன், ஓடைப் பக்கத்து யூக்கலிப்டஸ் மறைவில் அதை நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து, வேலிக்கு எதிரே புல்லில் குப்புறப் படுத்தான். எறும்புகள் வரிசையில் நின்று கடித்தன. பத்து மணிக்கு கிளாரி வந்தார். கையில் குறடு. ஒவ்வொரு ஆணியாக, பல் பிடுங்குகிற பக்குவத்தில் கழற்றினார். வேலிக்கால்களைத் தழுவிப் பிடித்துச் சத்தமில்லாமல் படுக்க வைத்தார். பிறகு பிஷப்பை அழைத்துவந்து அந்த இடைவெளி வழியே போகச் சொன்னார். அது மறுத்தது. கிளாரி பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார். காளை தலையைத் திருப்பி, வயதுக்குத் தகுந்த காரியமா இது என்பதுபோல் அவரைப் பார்த்தது. கடைசியில் கிழவர் அதன் கழுத்தில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் ஏதோ பேசினார். டோனலுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை.

எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் கோபத்தில் துரத்திவிட்டால்? இன்னும் நான்கே நாள். படுத்தே கிடந்தான். எதற்காக இதெல்லாம்? தன்னை எண்பத்தெட்டு நாள் ஓட்டிக் கரை சேர்க்கவா, கரையே சேராமல் பிடித்து வைத்துக்கொள்ளவா? வேலிகள் மறுபடி விழத் தொடங்கிய ஐம்பதாவது நாளே உண்மையான வேலை முடிந்திருந்தது என்று இப்போது புரிந்தது. அப்படியானால் மற்ற நாட்கள் கணக்கில் சேருமா? சட்டத்துக்குக் காளை உடைத்த வேலியும் கிழவர் உடைத்த வேலியும் ஒன்றாகுமா?

எண்பத்தேழாம் நாள் காலை, சமையலறைச் சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. கிளாரி எடுத்தார். குடிவரவுத் துறையிலிருந்து ஒரு பெண், சும்மா ஒரு விசாரணையாம்.

"ஆமாம்மா, இங்கதான் இருக்கான். என்ன வேலையா? வேலி. முடியவே மாட்டேங்குது போ." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ரிசீவரை நீட்டினார். "உங்கிட்ட பேசணுமாம். உண்மையைச் சொல்லு தம்பி, அரசாங்கம்."

அடுப்புப் பக்கம் திரும்பி அவர் சாசேஜைப் புரட்டத் தொடங்கினார். அந்த முதுகிலிருந்து டோனலால் எதையும் படிக்க முடியவில்லை.

"மூணு மாசமா ஒரே வேலின்னு போட்டிருக்கே," என்றாள் அந்தப் பெண். "எது உடைக்குது அதை?"

புரட்டுகிற கரண்டி நின்றது. எண்ணெய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"ஒரு மிருகம்தாங்க," என்றான் டோனல். "வயசாயிடுச்சு. ஆனா ரொம்பத் தந்திரம்."

"ஓ. கட்டிப்போட முடியாதா?"

"அதுக்கு இந்த வீட்டுல வேற துணை இல்லைங்க."

மறுமுனையில் எதையோ தட்டி எழுதும் சத்தம். "சரி. பண்ணைக்காரர் ஒரு வார்த்தை உறுதி சொல்லிட்டா முடிச்சிடலாம். அவர்கிட்ட குடுங்க."

டோனல் திரும்பினான். அடுப்பு அணைந்திருந்தது. தட்டில் இரண்டு சாசேஜ், இரண்டு முட்டை. கம்பிக்கதவு அப்போதுதான் அடித்து மூடிய அதிர்வில் ஆடிக்கொண்டிருந்தது.

ரிசீவரின் சுருள் கம்பி நீளும் மட்டும் இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். தொப்பியை அழுத்திக்கொண்டு கிளாரி கிழக்குப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். பண்ணையில் இன்னும் நேராக நின்ற கடைசி வேலி அங்கேதான் இருந்தது. பின்பக்கப் பையில் குறடு வெயிலில் மின்னியது.

"ஹலோ?" என்றது தொலைபேசி. "இருக்காரா அவர்?"

கிழவர் முதல் வேலிக்காலை எட்டினார். அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வீட்டைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார்.