பரிசு வாங்கிய பற்கள்

நூலக வாசலில் கொத்தனார் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஏணி சாத்தியிருந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்தில் ஒரு சந்து; அதை அடைப்பதுதான் வேலை. மதியத்துக்குள் முடிந்துவிடும்.

வாரம் ஒருமுறை அந்தச் சந்தில் வௌவால்களை எண்ண வரும் ஆராய்ச்சிக்காரப் பெண், அன்றும் கேமராப் பையோடு வந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவள் வௌவாலக்கா. ஏணியைப் பார்த்தபடியே வேகமாக நடந்தவள் உடைந்த படியில் தடுக்கி, விழாமல் சமாளித்து உள்ளே போனாள்.

"சார், மூணு கடிதம் கொடுத்தேனே. ஒண்ணையாவது பிரிச்சுப் பார்த்தீங்களா?"

நூலகர் எழுந்திருக்கவில்லை. "ஃபைல்ல இருக்கு மேடம்."

"ஃபைலா சார் படிக்கும்? இது குட்டி போட்டிருக்கிற நேரம். மேலே நாற்பது குட்டி இருக்கு. ஒண்ணுக்கும் இன்னும் பறக்கத் தெரியாது. இப்போ அடைச்சா தாயும் குட்டியும் உள்ளேயே செத்துப்போகும். ஆறு வாரம் பொறுங்க. எல்லாம் பறக்கப் பழகினதும், வெளியே போன நேரமாப் பார்த்து அடைச்சுக்கலாம்."

"ஆறு வாரத்துல நூலகமே காலியாயிடும். பிள்ளைங்க பகுதியில இப்பவே ஈ காக்கா இல்லை. ரத்தம் குடிக்கும், சந்தை அடைச்சிடுங்கன்னு பெத்தவங்க எல்லாரும் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டாங்க."

"அது பூச்சியைத் தின்னுது சார். ரத்தம் குடிக்கிறது, நீங்க மேசைக்கடியில சுருள் கொளுத்தி விரட்டுறீங்களே, அந்தக் கொசு."

"எனக்குத் தெரியும்னே வெச்சுக்குங்க. அவங்களுக்கு யார் சொல்றது?"

அவளுக்கு அலுத்துப்போயிற்று. நான்கு வருடமாக அதைத்தானே சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொன்னாள், ஆசிரியர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினாள், முடிந்ததும் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, இதை எப்படி ஒழிக்கிறது?" என்று கேட்டார்.

"அந்தச் சுவர்ல எவ்வளவு பெரிசா ஒட்டியிருக்கேன் பாருங்க, 'வௌவால் நம் நண்பன்'னு. இந்த ஜனங்களுக்குக் கண்ணே இல்லையா?"

சத்தம் கேட்டுக் கரண்டியோடு எட்டிப் பார்த்த கொத்தனாரின் கண்ணில் அந்தப் படம் பட்டது. ஆளுயர வௌவால் முகம். பிளந்த வாய். ஊசி ஊசியாகப் பற்கள்.

"இதுவா நண்பன்? இந்த மூஞ்சி வந்து கதவைத் தட்டினா நான் கூரையைப் பிரிச்சுட்டு ஓடிடுவேன், வவ்வாலக்கா."

"இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் நூலகர். "மேலே இருக்கிறதை ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை. எல்லாம் அழுதது இந்தப் படத்தைப் பார்த்துதான்."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க மேடம் என்னைப் பேச விட்டீங்க?"

"அது கோவத்துல பல்லைக் காட்டலை சார். இருட்டுல வழி தெரியணும்னா அது கத்தணும். அந்தச் சத்தம் எதிர்ல பட்டுத் திரும்பி வரும். அதைக் கேட்டுத்தான் பறக்குது. வாயைத் திறக்காம எப்படிக் கத்தும்?"

"கத்துற நேரம் பார்த்துப் படம் புடிச்சா என் வீட்டுக்காரியும் இப்படித்தான் இருப்பா," என்றார் கொத்தனார். "அதுக்காக அதையா கூடத்துல மாட்டி வெப்பேன்? வேற படமே இல்லையா?"

இருந்தது. கேமராவின் சின்னத் திரையில் அதைத் தேடி எடுத்துக் காட்டினாள். தாய் வௌவால் இறக்கையைப் போர்வை போல மடக்கியிருந்தது. அதற்குள்ளிருந்து குட்டியின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"இத்தினியூண்டா?" என்றார் கொத்தனார்.

நூலகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். வெகுநேரம் பார்த்தார். "இதை ஏன் மேடம் ஒட்டலை?"

"கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கு..." அவள் நிறுத்தினாள். "சுவர்ல இருக்கிற அந்தப் படத்துக்குத்தான் போட்டியில முதல் பரிசு கிடைச்சுது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. சுவரருகே போய்ப் படத்தின் ஓரத்தை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தாள். பசை லேசில் விடவில்லை.

நூலகர் வாசலுக்குப் போனார். "மேஸ்திரி, ஏணியைப் புடிங்க." மேலே ஏறி, விளக்கு எதுவும் அடிக்காமல் சந்துக்குள் பார்த்தார். கண் பழகியதும் வரிசையாகத் தொங்கும் சின்னச் சின்னப் போர்வைகள் தெரிந்தன. சத்தமில்லாமல் இறங்கினார்.

"ஆறு வாரம்னீங்களா? எழுதிக் கொடுங்க."

"மூணு தடவை கொடுத்திருக்கேன் சார்."

"ஆமா, இல்ல." நூலகர் கழுத்தைச் சொறிந்தார். "சரி, அந்தக் குட்டிப் படத்தைப் பெரிசாக்கிக் கொடுங்க. பெத்தவங்களை நான் கூப்பிடுறேன்."

"கலவை இறுகுது சார், இதை என்ன பண்றது?" என்றார் கொத்தனார்.

"எல்லாரும் தடுக்கி விழுற படி இருக்கே, அதுல பூசுங்க."

கிழித்த படத்தைச் சுருட்டிக்கொண்டு வௌவாலக்கா வெளியே வந்தாள். "ஜனங்களுக்குக் கண்ணு இல்லைன்னு திட்டிட்டே இருந்தேன். நான் காட்டினதைத்தான் அவங்க பார்த்திருக்காங்க. காப்பாத்துங்கன்னு கேட்கிற வாயால பயமுறுத்தக் கூடாது."

"நானும் ஏணி மேல ஏறிப் பார்க்காமலே அடைக்கச் சொல்லிட்டேன்," என்றார் நூலகர்.

கொத்தனார் படியில் கலவையை அள்ளி வைத்தார். "அந்த வவ்வால் கண்ணுக்கு இருட்டா இருந்தாலும் எதிர்ல என்ன இருக்குன்னு கேட்டுட்டுத்தான் போகுதாம். நாம பட்டப்பகல்ல, யாரையும் கேட்காம, எதையும் பார்க்காம அதுங்களை உயிரோட வெச்சுப் பூச வந்துட்டோம். தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும், ஈரம்."